இயக்கத்தோடு தொடர்பு இல்லை

தம்பி,

கலியாணப் பட்டியலில் நஸீரின் பெயரை நீ மூன்றாவதாக எழுதியிருக்கிறாய். முதலாவது உன் பெரியப்பா. என் கலியாணத்துக்கு வராதவர், மலையகத்தில் பெண் எடுத்தேன் என்பதற்காக ஏழு வருடம் கடிதம் போடாதவர். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது நாவலப்பிட்டி மாமா. அவரைப் பற்றியும் சொல்ல இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மூன்றாவது பெயரை நான் ஒரு கோட்டால் வெட்டினேன். நீ வந்த அன்று அதைத் திரும்ப எழுதினாய். நீ போன பிறகு நான் திரும்ப வெட்டினேன். போன ஞாயிறு கொழும்பிலிருந்து தொலைபேசியில், குரலை உயர்த்தாமல், காப்புறுதிக் கந்தோரில் ஆட்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்தக் குரலில் நீ சொன்னாய்: "அப்பா, அந்த மனிசன் வரக்கூடாதெண்டதுக்கு ஒரு காரணத்தை எழுதித் தாங்கோ. அது நிண்டால் நானே வெட்டுறன். நிக்காட்டில் கார்ட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறது நீங்கள்தான்." பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, "எழுதிக் குடுங்களேன், ஒங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே" என்றாள். அவள் சொன்னதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருந்தது.

ஆகவே எழுதுகிறேன். ஆனால் முதலில் ஒன்று. பன்னிரண்டு வருடமாக நம் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் உன் பேனாவுக்கு எப்படி வந்தது? யார் உன்னிடம் பேசியது? நீ அவனைப் போய்க் கண்டாயா, அல்லது அவன் உன்னைத் தேடி வந்தானா? இதை நான் கேட்டபோது, "ஒருத்தரும் பேசேல்லை, எனக்கு ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான்" என்றாய். இருக்கலாம். உனக்கு அப்போது பதினைந்து வயது. ஆனாலும் சும்மா ஞாபகம் வந்தது என்று ஒருவர் சொன்னால் அதன் பின்னால் இன்னொருவர் நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றும். இது என் குணம். உன் அம்மா இதை வியாதி என்பாள். இந்தக் குணம் எனக்கு எங்கே பிடித்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பேராதனையில் பௌதிகம் படிக்க வந்த முதல் வருடம் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. என் விடுதி அறைக் கதவில் யாரோ வெண்கட்டியால் ஒரு சிறிய புள்ளடி, பெருக்கல் அடையாளம்போல, போட்டிருந்தார்கள். அந்த வரிசையில் பதினான்கு கதவுகள். புள்ளடி மூன்றில் மட்டும். அந்த மூன்று அறைகளில்தான் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று வெளியே இருந்து வந்தவனுக்குத் தெரியாது. எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்ட ஒருவன்தான் போட்டிருக்க வேண்டும். நான் தப்பிவிட்டேன், புத்தகங்கள் எரிந்தன, அதெல்லாம் மற்றவர்களுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் புள்ளடியைப் போட்ட கை யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததால் அந்த மேசையில் இருந்த எல்லாக் கைகளிலும் சுண்ணாம்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகு படிப்பை முடித்ததும், விரிவுரையாளர் வேலை இன்னொருவனுக்குப் போனதும், கண்டியில் ட்யூஷன் கொடுத்துப் பிழைத்ததும் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று: அந்த வருடம் ஒரு வைராக்கியம் எடுத்தேன். சிங்களம் கடைத்தெருவில் பேசுவேன், ஆனால் ஒரு எழுத்துக்கூட வாசிக்கப் பழகமாட்டேன் என்று. நீ பள்ளிக்கூடத்தில் அதைப் படித்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கி வந்தபோது நான் அந்த அறிக்கை அட்டையில் கையெழுத்திட்டேன். என் வைராக்கியம் யாரையும் தண்டிக்கவில்லை என்று அன்று தெரிந்திருக்க வேண்டும்.

நஸீர் எனக்கு ட்யூஷன் காலத்தில் அறிமுகமானவன். அவன் தம்பிக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாதையில் அவனுக்கு ஒரு கராஜ், வாப்பாவின் காலத்திலிருந்து. "மாஸ்டர், ஒங்களுக்குக் கரண்டு வெளங்கும், எனக்கு வண்டி வெளங்கும். சேந்து செய்வமா?" என்று கேட்டான். சேர்ந்தோம். எட்டு வருடம் வேலை செய்தோம். அவன் என்னைக் கடைசிவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டான். வேலைக்காரர்கள் முன்னால் நான் சொன்னதை அவன் மறுத்ததில்லை. தனியே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "மாஸ்டர், ஒண்ணு சொல்லட்டா, கோவிக்கப் போடாது" என்பான். அந்தச் சொறிதலும் எனக்குப் பிடிக்காது. நேரே சொல்லாதவன் மனதில் வேறு என்ன வைத்திருக்கிறான் என்று யோசிப்பேன்.

அந்த நாட்களில் ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய கார்கள் மாறத் தொடங்கியிருந்தன. பழைய காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு கம்பி. கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் பழுது அகப்படும். புதியவற்றில் என்ஜினுக்கு ஒரு கணினி, பிரேக்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, முன்னால் இருக்கும் மீட்டர் தட்டுக்கு ஒன்று. எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகளில் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். ஒன்றின் பேச்சு கேட்காமல் போனால் மற்றவை அதைத் தம் நினைவில் எழுதி வைக்கும்: இன்னாரோடு தொடர்பு இல்லை. அதற்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. ஸ்கேனர் என்ற கருவியைக் காரில் மாட்டினால் அந்த எண்கள் வரிசையாக வரும். கண்டியில் அப்போது அந்தக் கருவி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். எங்களிடம் ஒன்று இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவன் நான் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

இயக்க என்று எழுதும்போதே கை கூசுகிறது. அந்தச் சொல்தான் இந்தக் கடிதத்தின் காரணம். நான் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தேன், ஒவ்வொரு காருக்கும் வந்த குறியீடு, பார்த்த பழுது எல்லாம் எழுதி. மற்ற எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அல்லது எழுதவே மாட்டார்கள். நான் தமிழில் எழுதினேன், ஒழுங்கான தமிழில். பிரேக் கணினிக்குத் தடுப்புக் கட்டுப்பாடு. கியருக்குப் பல்லிணைக் கட்டுப்பாடு. என்ஜின் கணினிக்கு இயக்கக் கட்டுப்பாடு. அவசரத்தில் சுருக்கி, இயக்கம். ஒரு யந்திரம் ஓடுவதற்குத் தமிழில் அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் அந்த வருடங்களில், வடக்கே துப்பாக்கி தூக்கியவர்களுக்கும் நம் ஆட்கள் வைத்திருந்த பெயர் அதுவேதான். நஸீர் ஒருநாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மாஸ்டர், என்ஜின் கொம்பியூட்டர்னு எழுதினா ஒங்கட தமிழ் செத்துப் பெய்த்திடுமா?"

"எழுதுறதெண்டால் ஒழுங்கா எழுதவேணும், நஸீர்."

"ஒழுங்கு சரிதான். ஆனா இந்த ஊர்ல அந்தச் சொல்லுக்கு இப்ப ஒரே அர்த்தம்தான் இரிக்கி. வேற ஒண்ணப் போடுங்களேன். மோட்டார்னு போடுங்க. அடுப்புன்னு போடுங்க."

அடுப்பு என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் மொழியை எனக்குச் சொல்லித்தருகிறாயா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வியின் அசிங்கம் இப்போது தெரிகிறது. அவன் பேசியதும் தமிழ்தான்.

பிறகு பேராதனை டாக்டர் ஒருவரின் கார் வந்தது. மழை பெய்தால் மீட்டர் தட்டில் எல்லா விளக்குகளும் எரியும், கியர் மூன்றிலேயே நின்றுவிடும், வெயில் அடித்தால் எல்லாம் சரி. ஸ்கேனரை மாட்டினேன். பிரேக் கணினி யூ-0100 என்றது. கியர் கணினியும் யூ-0100. மீட்டர் தட்டும் அதுவே. என்ஜின் கணினியோடு தொடர்பு இல்லை என்று மூன்றும் ஒரே வாயாகச் சொல்லின. என்ஜின் கணினியை நேரே கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எனக்கு ஒரு திருப்தி. நஸீர் கையில் தடை அளக்கும் மீட்டரோடு வந்தான்.

"மாஸ்டர், கம்பிய ஒருக்கா அளந்து பாக்கவா?"

"தேவையில்லை. மூண்டும் ஒண்டைத்தானே சொல்லுது."

"மூணும் ஒண்ணா சொல்லுறதாலதான் கேக்கிற."

அந்த இரண்டு கம்பியின் இரண்டு முனையிலும் நூற்றிருபது ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு அளந்தால் நல்ல காரில் அறுபது காட்டும். நூற்றிருபது காட்டினால் ஒரு முனைக்குப் போகும் வழி எங்கோ அறுந்திருக்கிறது. கணினியில் பிழை இருக்காது. இரண்டு நிமிட வேலை. இணைத் தடைகளை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய நான் அளக்கவில்லை, அவனையும் அளக்க விடவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். எழுதியதை அப்படியே சொல்கிறேன், எனக்கு அது மறக்காது: "பேராதனை டாக்டர். மழை நாட்களில் இயக்கத்தோடு தொடர்பு இல்லை. மூவரும் அதையே சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து வேறு இயக்கம் கொண்டுவர வேண்டும். வியாழன்."

நீ சிரிப்பாய். இப்போது சிரிக்கலாம். வியாழக்கிழமை கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் கணினிப் பெட்டியை வாங்கி, துவாயில் சுற்றி, ஸ்கேனரோடும் புத்தகத்தோடும் ஒரே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கீழே சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு என்று பார்த்ததும் என்னைத் தனியே நிறுத்தினார்கள். பையிலிருந்து நூற்றுக்கணக்கான ஊசிகள் உள்ள ஒரு உலோகப் பெட்டி வந்தது, வயர்கள் வந்தன, ஒரு கருவி வந்தது, எண்கள் நிறைந்த ஒரு தமிழ்ப் புத்தகம் வந்தது. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் என்னைப் பிடித்திருப்பேன்.

இனிச் சொல்வதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு கொன்ஸ்தாபல் புத்தகத்தைத் திறந்து, கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைக் காட்டி, "வாசி" என்றான். கார் விஷயம் என்று சொல்லிவிட்டு வேறு எதையாவது வாசித்திருக்கலாம். நான் வாசித்தேன், எழுதியபடி, வகுப்பில் வாசிப்பதுபோல, நிறுத்தி. அவனுக்குத் தமிழில் பத்துச் சொல் தெரிந்திருக்கும். அந்தப் பத்தில் ஒன்று இயக்கம். அந்தச் சொல் வந்ததும் அவன் தலை நிமிர்ந்தது. இரண்டாம் தரம் வந்ததும் எழும்பி உள்ளே போனான். அவ்வளவுதான். அந்தச் சொல்லை முதலில் அவர்கள் காதில் போட்டது என் வாய்.

பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். எந்த நிலையம் என்று எழுதவில்லை. உள்ளே நடந்ததையும் எழுதவில்லை. நீ பார்த்த என் இடது கையின் விரல் அதற்குப் போதும். நான் அங்கே யோசித்தது ஒன்றையே. இந்தப் புத்தகத்தின் மிச்சத்தை இவர்களுக்கு வாசித்துச் சொல்ல ஒரு தமிழ் வாய் வேண்டும். அது யாருடைய வாய்? பத்தாம் நாளோ பதினோராம் நாளோ கேள்விகள் மாறின. திடீரென்று அவர்கள் பக்கம் பக்கமாகத் தெரிந்துகொண்டு கேட்டார்கள். மோட்டார் என்ன, பிரேக் என்ன, டாக்டரின் காரில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று. யாரோ வாசித்துவிட்டான் என்று எனக்கு உறுதியாயிற்று. கதவில் புள்ளடி போட்ட அந்தக் கைக்கு இப்போது ஒரு வாயும் முளைத்துவிட்டது என்று நினைத்தேன். கேள்விகள் அந்த நாளிலிருந்து லேசாகிவிட்டன என்பதையும் கவனித்தேன். ஆனால் அதை அதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

வெளியே வந்த அன்று நாவலப்பிட்டி மாமா ஒரு வான் வண்டியோடு வந்திருந்தார். ஏறியதும் சொன்னார்: "மச்சான், மனசத் தேத்திக்கங்க. ஒங்க பாட்னருதான் ஸ்டேசனுக்கு வந்து பூரா படிச்சுக் குடுத்தாராம்." அடுத்த நாள், எனக்காக வழக்குப் பேசிய சட்டத்தரணியிடம் எழுத்துவேலை பார்த்த லிகிதர், நீதவானிடம் பொலிஸார் கொடுத்த அறிக்கையின் பிரதியைக் கொண்டுவந்து தந்தவர், குரலைத் தாழ்த்தி அதையே சொன்னார்: "உங்கட சோனகர்தானாம் வாசிச்சவர்." மூன்றாம் நாள் கராஜுக்குப் போனேன். எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் வத்தேகமக்காரர் மாணிக்கம் என்னைக் கண்டதும் வாசலுக்கு ஓடிவந்தார்.

"ஐயா, நா கண்ணால பாத்தேங்க. பொலிசு ஜீப்புல வந்து எறங்குறாரு நஸீர் மொதலாளி. நல்ல வெயில். அந்த டாக்டரு காரோட பொனெட்டத் தொறந்து வச்சுகிட்டு, போத்தல்ல தண்ணி எடுத்து ஊத்துறாரு. ஐயாமாருங்க சுத்தி நின்னு சிரிக்கிறாங்க. கார் கழுவிக் காட்டுறாரு போல. நீங்க உள்ள கெடக்குறீங்க, இங்க இந்தக் கூத்து."

மூன்று வாய், ஒரே பெயர். உள்ளே போனேன். டாக்டரின் கார் இல்லை, போய்விட்டது. மேசையில் ஒரு சிரட்டைத் துண்டில் இரண்டு அங்குலக் கம்பித் துண்டு கிடந்தது. வெட்டி எடுத்த ஒட்டு, கம்பியைக் கம்பியோடு சேர்த்த இடம். செம்பு பச்சையாகப் பூத்து, தூளாகி, ஒரே ஒரு இழையில் நின்றிருந்தது. மேலே சுற்றிய கறுப்பு டேப்பின் நுனி உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. டேப் நுனியை அப்படி மடித்து விடுகிறவன் கண்டியில் ஒருவன்தான். முந்திய வருடம் அந்தக் காருக்குத் திருட்டு அலாரம் பூட்டியபோது, அவசரத்தில், பற்றவைக்காமல், முறுக்கி டேப் சுற்றியவன் நான். பழுது என் கையில் இருந்தது. கணினி மூன்றும் காட்டிக்கொடுத்த நாலாவது கணினி ஒரு பிழையும் செய்யவில்லை. அதன் வாயில் நான் போட்ட ஒட்டுத்தான் ஈரம் குடித்து அதை ஊமையாக்கியிருந்தது. நஸீர் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கமிருந்து வந்தான். என் விரலைப் பார்த்தான். பேச வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"நீர்தானே வாசிச்சனீர்?"

"ஓ மாஸ்டர். நாந்தான் வாசிச்ச."

"பூராவும்?"

"பூராவும்தான். இரிங்க, மிச்சத்தையும் கேளுங்க..."

நான் கேட்கவில்லை. திரும்பி நடந்தேன். அவன் வாசல்வரை வந்தான், பாதையைக் கடக்கவில்லை. மாணிக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: அந்தச் சிரட்டை அந்த மேசையில் இருந்திராவிட்டால் மிச்சத்தைக் கேட்டிருப்பேனோ என்னவோ. டாக்டரிடம் அவன் அது யாருடைய ஒட்டு என்று சொல்லவில்லை. பிறகு டாக்டரே என்னிடம், "எலி கடித்ததாமே" என்று சிரித்தார். அதற்காகவும் நான் அவன்மேல் கோபம் வைத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்ற அவனை யார் கேட்டது?

அதற்குப் பிறகு கம்பளையில் தனியாகக் கடை போட்டேன். அவன் இரண்டு தரம் நம் வீட்டுக்கு வந்ததாக அம்மா சொன்னாள். நான் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் எந்த நேரமும் கடையில்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம். நோன்புக்குக் கஞ்சி வந்தது. திருப்பி அனுப்பச் சொன்னேன். வெறும் பாத்திரம் போயிற்று. கஞ்சியை நீங்கள் இரண்டு பேரும் குடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இது உன் கேள்விக்குக் காரணம். இதை எழுதி முடித்துக் கையெழுத்திட வேண்டியதுதான் என்று நேற்றுக் காலை இந்த இடத்தில் பேனாவை மூடினேன். கடைக்குப் போனேன். ஒரு கார் வந்திருந்தது. அதே வகைப் பழுது, நாலு கணினிகள் ஒன்றைச் சொல்கின்றன. நான் இப்போதெல்லாம் முதலில் அளந்துவிட்டுத்தான் ஸ்கேனரைத் தொடுவேன்; அந்த ஒட்டு எனக்குக் கற்பித்தது அது. கம்பியைச் சரிசெய்து, துண்டுபட்டுக் கிடந்த அந்த ஐந்தாவது கணினியின் நினைவைத் திறந்து பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் இருக்கும், நான் எத்தனையோ தரம் பார்த்து அழித்ததுதான்: அதற்குள்ளும் ஒரு பட்டியல். பிரேக்கோடு தொடர்பு இல்லை. கியரோடு தொடர்பு இல்லை. மீட்டரோடு தொடர்பு இல்லை. மற்றவை அதைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் அதுவும் தனியே இருந்து எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறது. வழி அறுந்திருந்ததால் அதன் பட்டியலை ஒருவரும் வாசிக்கவில்லை. அழிக்கிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு காரின் சொந்தக்காரர் பொனெட்டை மூடட்டுமா என்று கேட்டார்.

பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் கார் கழுவுவதில்லை, தம்பி.

பன்னிரண்டு வருடம் மாணிக்கத்தின் வார்த்தைகளை ஒரு எழுத்தும் பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறேன். எத்தனை தரம் கோபத்தோடு சொல்லிப் பார்த்திருப்பேன். நல்ல வெயில், பொனெட் திறந்திருக்கிறது, போத்தலில் தண்ணீர், சுற்றி நின்று பார்க்கிற பொலிஸார். மழை நாளில் மட்டும் தொடர்பு அறுகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. வெயிலில் மழையைக் காட்ட வேண்டுமென்றால் நான் என்ன செய்வேன்? ஒட்டின்மேல் தண்ணீர் ஊற்றுவேன். மீட்டர் தட்டில் விளக்குகள் எல்லாம் எரியும். இதோ மஹத்தயா, இதுதான் அவர் எழுதிய இயக்கம் என்று பொலிஸாரிடம் சொல்வேன். சிரிக்கத்தான் செய்வார்கள்.

அதோடு இன்னொன்றும் பிடிபட்டது. மாமா ஸ்டேசனில் இருக்கவில்லை. அவர் கராஜுக்கு விசாரிக்கப் போய், மாணிக்கத்தின் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவர். லிகிதரிடம், "ஆர் சொன்னது?" என்று அன்று நான் கேட்டதற்கு, "உங்கட மச்சான்தான்" என்று சொன்னார். சொல்லும்போது அந்த அறிக்கை அவர் கையில்தான் மடித்தபடி இருந்தது. அவரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்று வாய் என்று நான் எண்ணியது ஒரே கண். அந்தக் கண்ணும் பாதைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தது. உனக்குக் கலியாணம் நடக்கப்போகிறது. நாளைக்கு உன் மனைவியைப் பற்றி மூன்று பேர் வந்து ஒன்றையே சொன்னால், மூன்று பேரும் எந்தக் கம்பியில் இருக்கிறார்கள் என்று பார். அதற்குப் பிறகு அவளிடமே கேள். அவள் "ஓம்" என்று சொன்னாலும் எழும்பிப் போகாதே, அடுத்த வசனம் வரும்வரை இரு. என்னால் உனக்குத் தரக்கூடிய புத்தி இவ்வளவுதான், அதுவும் வயது போன பிறகு கிடைத்தது.

ஆனால் நான் இன்னும் அவனை நம்பிவிடவில்லை. இது நான் மேசையில் இருந்து யோசித்தது. யோசனையில் நான் முன்பும் பிழைவிட்டிருக்கிறேன். அவன் வாசித்தபோது அந்தச் சொல்லுக்குச் சிங்களத்தில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. என்ஜின் என்று சொன்னானா, அல்லது எல்லோரும் சொல்கிற அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, பிறகு பயந்து போய்க் காரைக் காட்டினானா? அளக்காமல் பெட்டியை மாற்றப் போனவன் நான். அளக்காமல் என் எண்ணத்தை மாற்றவும் மாட்டேன்.

அளக்க ஒரு வழி இருக்கிறது. லிகிதர் தந்த அறிக்கை இந்த உறைக்குள் இருக்கிறது. மூன்று தாள். முழுவதும் சிங்களம். பன்னிரண்டு வருடம் அலுமாரியில், என் பட்டச் சான்றிதழுக்குக் கீழே இருந்தது. வாசித்துச் சொல்லட்டோ என்று லிகிதர் கேட்டார், வேண்டாம் என்றேன். அவர் எதைக் கூட்டுவார் எதைக் குறைப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவன் என்னைக் காட்டிக்கொடுத்தான் என்று அதில் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதற்கு நான் பழகியிருந்தேன். வேறு மாதிரி இருந்தால் என்ன செய்வது என்பதுதான் பயம். அப்படியென்றால் அந்தப் பத்தொன்பது நாளுக்குக் குற்றம் சொல்ல என் வாயும் என் ஒட்டும் தவிர வேறு யாரும் மிஞ்சமாட்டார்கள்.

நீ வாசி. எனக்குத் தெரிந்தவர்களில் அந்த எழுத்தையும் வாசித்து என்னிடமும் பொய் சொல்லாத ஆள் நீ ஒருவன்தான். இதை இவ்வளவு காலம் சொல்லாததற்கு மன்னித்துக்கொள். தொலைபேசியில் சொல்லாதே, பக்கத்தில் அம்மா நிற்பாள். நஸீர் என்ற பெயர் எந்த இடத்தில் வருகிறது, இயக்கம் என்ற சொல்லுக்கு அவன் கொடுத்த சொல் என்ன, இந்த இரண்டையும் மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதி அனுப்பு. அது வரும்வரை பட்டியலில் நான் வெட்டிய கோடு அப்படியே இருக்கட்டும்.

ஒரு கார்ட்டைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். உறையில் பெயர் எழுதவில்லை. இன்று காலை அம்மாவிடம், அந்தக் கட்டுகஸ்தோட்டைக் கராஜ் வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் இப்போதும் பூட்டித்தான் இருக்குமோ என்று, வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"தொழுதுட்டு வந்து மூணு மணிக்குத் தொறந்திருவாருங்க" என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அப்பா